சென்னையில் வேலை, குடும்பத்தோடு ஆதித் திருச்சபையைப் போல சீஷராக வாழ முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள்.

பெரும்பாலோர் வேதபாடத்திலிருந்து தொடங்குவார்கள். சில மாதத்தில் அது இன்னொரு கூட்டமாகி ஓய்ந்துவிடும். உபதேசம், அந்நியோந்நியம் (ஐக்கியம்), அப்பம் பிட்குதல், ஜெபம் என நான்கையும் ஒரே மூச்சில் சொல்கிறது அப்போஸ்தலர் 2:42. முதலும் கடைசியும் நம் சபைகளில் நன்றாகவே நடக்கின்றன. விட்டுப்போனது நடுவில் உள்ள இரண்டு. 1941-ல் பல்லாவரம் மலையில் ஜெபித்துவிட்டு வேப்பேரியில் சபையைத் தொடங்கிய பிரசங்கியார் பக்த் சிங் இந்த வசனத்தைத்தான் பிடித்துக்கொண்டார். ஆராதனை முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து உட்காரும் அன்பின் விருந்து அந்தச் சபைகளின் அடையாளமானது.

நான்கு குடும்பம், பன்னிரண்டு பேர் போதும். நடந்தோ ஒரே பஸ்ஸிலோ வரும் தூரத்தில் இருக்கட்டும். வேளச்சேரிக்காரரும் அம்பத்தூர்க்காரரும் வாராவாரம் ஒரே பந்தியில் உட்கார்வது நடக்காது. ஞாயிறு ஆராதனையை விடாதீர்கள். ஆயரிடம் முன்பே சொல்லிவிட்டால் ரகசியக் குழு என்ற பேச்சு வராது.

வாரம் ஒரு வீடு, சுற்று முறை. சோறு, சாம்பார், ஒரு பொரியல். 12 பேருக்கு 1.25 கிலோ அரிசி, 300 கிராம் துவரம்பருப்பு. இதற்குமேல் வேண்டாம் என்பதில் கண்டிப்பாக இருங்கள். ஒரு வீட்டில் பிரியாணி போட்டால் அடுத்த வீட்டில் சிக்கன் வறுவலும் சேரும். மூன்றாம் மாதம் ஆட்டோ ஓட்டும் சகோதரர், "எங்க வீடு சின்னது பிரதர், இந்த வாரம் வேணாமே" என்பார். இடம் ஒரு சாக்குதான். பவுல் தொடங்கிய கொரிந்து சபையின் பந்தியிலும் ஏழை பணக்காரர் வித்தியாசம் இப்படித்தான் வந்தது: ஒருவன் பசியாயிருக்க, ஒருவன் வெறித்திருந்தான். "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்றார் பவுல். ஷிப்ட் முடிந்து பிந்தி வருபவருக்குப் பரிமாறும் முன்பே தனியாக எடுத்து வையுங்கள், மிச்சத்தைப் போடாதீர்கள்.

சுற்று முறை சாதியையும் வெளியே கொண்டுவரும். சிலர் வீட்டில் வயிறாரச் சாப்பிடுகிறவர், ஒரு வீட்டில் மட்டும் "இப்பதான் சாப்பிட்டு வந்தோம்" என்பார். மழுப்பாதீர்கள். முதலில் தனியே போய்ப் பேசுங்கள், மத்தேயு 18:15 சொல்கிறபடி. மாறாவிட்டால் எல்லார் முன்னும் பேசியாக வேண்டும். அந்தியோகியாவில் யூதரல்லாத விசுவாசிகளோடு சாப்பிடாமல் பேதுரு பந்தியைவிட்டு விலகியபோது பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார். சாதி பார்க்கும் பந்தியை வைத்துக்கொண்டு ஆதித் திருச்சபை என்று பேச எனக்கு மனம் ஒப்பவில்லை.

அடுத்து பணம். குழுவில் கஷ்டப்படுகிறவருக்குக் கொடுக்க ஒரு உண்டியல், கணக்குக்கு ஒரு நோட்டு. கட்டாயம் கூடாது, "அதை விற்குமுன்னே அது உன்னுடையதாயிருக்கவில்லையோ?" என்றுதான் அனனியாவிடம் பேதுரு கேட்டார். நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்துவிட்டு முழுதும் கொடுத்ததாகக் காட்டிய அவன் மாட்டியது அந்தப் பொய்யில். கார்த்தேஜ் சபையைப் பற்றி கி.பி. 197 வாக்கில் எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியனும் இதையே சொல்கிறார்: மாதம் ஒருமுறை, மனமுள்ளவர், இயன்றதை. வேறு வேறு குடும்பத்து இருவர் சேர்ந்து எண்ணட்டும். மாதக் கடைசியில் தொகையை வாசியுங்கள், வாங்கியவர் பெயரை வாசிக்காதீர்கள். கொடுப்பதைக் கொடையாகவே கொடுங்கள். கைமாற்றாகக் கொடுத்தால், திருப்பித் தர முடியாதவர் வெட்கப்பட்டு வருவதையே நிறுத்திவிடுவார்.

டிடாக்கே என்ற பழைய சபை ஒழுங்கு நூல் புதன், வெள்ளி உபவாசத்தைச் சொல்கிறது. அந்த மதியச் சாப்பாட்டுக் காசு உண்டியலுக்குப் போகட்டும். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் உபவாசத்துக்குப் பதில் சாயங்கால டீ, பஜ்ஜியை விட்டால் போதும். அதே நூல், தனக்கென்று பணம் கேட்கும் ஊழியக்காரனைக் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் இதை நினைவில் வையுங்கள்.

வாசிப்புக்கு அப்போஸ்தலர் நடபடிகள், வாரம் ஒரு அதிகாரம், 28 வாரம். ஒவ்வொருவரும் செய்யப்போகும் ஒரு காரியத்தைச் சொல்லட்டும். அடுத்த வாரம் முதல் கேள்வி அதுவே. வாடகை வீட்டில் பாட்டை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள், வீட்டு ஓனரோடு பிரச்சினை வராது.

இந்தக் குழுக்கள் சத்தமில்லாமல் உடைவது சமையலறையில். வீட்டுக்கார அக்கா எட்டு மணிவரை அடுப்படியில் நின்றால் அவருக்கு ஜெபமும் இல்லை, ஐக்கியமும் இல்லை. பொரியலை ஒரு வீடு, சாம்பாரை ஒரு வீடு கொண்டுவரட்டும். பாத்திரம் ஆண்கள் பொறுப்பு. எருசலேமில் ஆவி நிறைந்த ஏழு ஆண்களைத் தெரிந்தெடுத்தது பந்திவிசாரணைக்கு, அதாவது சாப்பாட்டுப் பங்கீட்டைக் கவனிக்கத்தான். யார் எந்த வாரம் கழுவுவது என்பதை முதல் வாரமே நோட்டில் எழுதிவிடுங்கள்.