மெய்நிகர் கணினிக்குக் கூடுதல் நினைவகம் ஒதுக்கியும் தரவுத்தளம் மெதுவாகவே ஓடுகிறதே, என்ன செய்வது?

இன்னும் 16 ஜிபி ஒதுக்கிப் பாருங்கள் என்று யாரேனும் உங்களிடம் கூறியிருப்பார்கள். அதற்கு முன் ஹோஸ்ட்டில் (மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் உண்மைக் கணினியில்) நினைவகப் பயன்பாட்டைக் காட்டும் விஎம்ஸ்டாட் கட்டளையை ஓடவிட்டு, ஸ்வாப் (நினைவகப் பக்கங்களை வட்டுக்கு மாற்றுவது) நடக்கிறதா என்று பாருங்கள். நடந்தால், ஒரே ஹோஸ்ட்டில் அளவுக்கு மீறிய கணினிகள் இருக்கின்றன; முதலில் அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

ஸ்வாப் இல்லையென்றால், என் அனுபவம் உங்களுக்கும் பொருந்தக்கூடும். லினக்ஸின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம்மில் ஓடிய ஒரு பெரிய தரவுத்தளத்தை நான் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றபோது, கெஸ்ட்டுக்குள் (மெய்நிகர் கணினிக்குள்) 2 எம்பி ஹியூஜ் பேஜ்கள், அதாவது பெரிய நினைவகப் பக்கங்கள், ஏற்கெனவே இயக்கப்பட்டிருந்தன. ஆனால் ஹோஸ்ட் அதே நினைவகத்தை 4 கேபி பக்கங்களாகவே வழங்கிக்கொண்டிருந்தது. இரண்டில் சிறிய அளவே டிஎல்பியில் (கண்டறிந்த முகவரிகளைச் செயலி குறித்துவைக்கும் சிறு அட்டவணையில்) பதிவாகும் என்பதால், கெஸ்ட்டில் செய்த ஏற்பாட்டின் பெரும்பயன் வீணாகியிருந்தது. தேடும் முகவரி டிஎல்பியில் இல்லாவிட்டால், நேரடி வன்பொருளில் நான்கடுக்குப் பக்க அட்டவணை (முகவரிகளின் முழுப் பட்டியல்) வழியே அதைக் கண்டறிய நான்கு முறை நினைவகத்தைப் படித்தால் போதும். கெஸ்ட், ஹோஸ்ட் இரண்டிலும் நான்கடுக்குப் பக்க அட்டவணை இருக்கும்போது அது 24 முறை வரை செல்லக்கூடும். ஆகவே டிஎல்பி தவறும் ஒவ்வொரு முறையும் மெய்நிகர் கணினி தரும் விலை மிக அதிகம். ஹோஸ்ட் தொடங்கும்போதே ஹியூஜ் பேஜ்களை ஒதுக்கிவைத்து, மெய்நிகர் கணினியின் அமைப்புக் கோப்பில் அவற்றைப் பயன்படுத்தச் சொன்ன பிறகே வேகம் தெளிவாகக் கூடியது. அந்த ஹோஸ்ட்டில் இரண்டு செயலிகள் (சிபியு) இருந்ததால், கெஸ்ட்டின் விசிபியுக்களையும் (மெய்நிகர் செயலிகளையும்) நினைவகத்தையும் ஒரே நூமா கணுவில், அதாவது ஒரு செயலியும் அதற்கு அருகிலுள்ள நினைவகமும் சேர்ந்த தொகுதியில், கட்டிவைத்தோம். தாமதத்தில் இருந்த ஏற்ற இறக்கம் அதனால் அடங்கியது.

இப்படி ஒதுக்கிய பக்கங்களை, ஒரே உள்ளடக்கமுள்ள பக்கங்களைச் சேர்த்து இடம் மிச்சப்படுத்தும் லினக்ஸ் வசதியான கேஎஸ்எம் ஒன்றிணைக்காது, ஸ்வாப்பும் செய்ய முடியாது, எனவே நினைவகம் முடங்கிவிடுகிறது என்று சிலர் மறுப்பார்கள். நூற்றுக்கணக்கான சிறு கணினிகளை நெருக்கி ஓட்டுபவர்களுக்கு அந்த மறுப்பு நியாயமானதே, அவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்கவில்லை. தாமதம் பொறுக்காத தரவுத்தளத்துக்கு நினைவகத்தை முழுமையாக ஒப்படைப்பதே முறை.

வாடகைக் கணினி என்றால் ஹோஸ்ட்டை உங்களால் பார்க்கவே முடியாது. நமக்குரிய செயலி நேரம் மற்றவற்றுக்குப் பறிபோவதைக் காட்ட ஸ்டீல் என்ற அளவு கெஸ்ட்டுக்குள்ளேயே கிடைக்கிறது. நம் பக்கங்களை ஹோஸ்ட் வட்டுக்கு அனுப்பிவிட்டதைக் காட்ட, கேவிஎம்மில் அப்படியோர் அளவு இல்லை. பணம் கொடுத்து வாங்குபவருக்கு இது மறைக்கப்படுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.