தூங்கினால் விடிந்துவிடும் என்று விழித்திருக்கும் தம்பி

கேள்வி: கொருக்குப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு 19 வயது. அரசு கலைக் கல்லூரியில் பி.காம் இரண்டாம் வருடம். விடியற்காலை மூன்று, நாலு மணி வரை போர்வைக்குள் போன். காலையில் எழுப்பினால் அடிக்க வருகிறான். கல்லூரிக்குப் போவதும் குறைந்துவிட்டது. ஐந்து பேப்பர் அரியர். போன வாரம் துவைக்க எடுத்த பேன்ட் பாக்கெட்டில் கண் சொட்டு மருந்தும், சிகரெட் சுற்றுகிற மெல்லிய தாளும் இருந்தன. அப்பா காசிமேட்டில் லோடு ஏற்றுகிறவர். தெரிந்தால் அடித்தே உயிரை எடுத்துவிடுவார். போனைப் பிடுங்கி வைக்கலாமா? மறுவாழ்வு மையத்தில் சேர்த்தால் போலீஸ் கேஸ் ஆகுமா?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஆனால் விஷயம் கைமீறிப் போகவில்லை. பாக்கெட்டில் கிடைத்ததை வைத்து அன்றே வீட்டை இரண்டாக்காமல் எழுதிக் கேட்டீர்களே, அதுவே பெரிய காரியம்.

தாளும் கண் சொட்டு மருந்தும் சேர்ந்து இருந்தால் பெரும்பாலும் கஞ்சாதான். கண் சிவப்பது தெரியக் கூடாது என்று பையன்கள் சொட்டு விட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவார்கள். கஞ்சாவை நிறுத்தினால் முதல் வாரம் கடுகடுப்பு, பசியின்மை, தூக்கமின்மை எல்லாம் உச்சத்தில் இருக்கும். இரண்டு வாரத்தில் பெருமளவு அடங்கும். கெட்ட கனவுகள் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வரலாம். இதற்காக ஒருவரைப் பூட்டி வைக்க வேண்டிய தேவை அநேகமாக வராது. காதில் யாரோ பேசுவதுபோல் கேட்கிறது, எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று அவன் சொல்ல ஆரம்பித்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளாமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

வலி மாத்திரை விஷயம் வேறு. வடசென்னையில் கடந்த சில வருடங்களாக என்னை அதிகம் கலங்க வைப்பது அதுதான். டேபென்டடால் போன்ற மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். மே மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்பது, கண்ணின் கருமணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருப்பது, உட்கார்ந்த இடத்திலேயே தலை தொங்குவது, இவை அதன் அடையாளங்கள். ஊசியை மாற்றி மாற்றிப் போடுவதால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் தொற்றுகின்றன. கொஞ்ச நாள் நிறுத்திவிட்டுப் பழைய அளவையே மறுபடி ஏற்றும்போது உடம்பு தாங்காது, மூச்சு நின்றுவிடும். அதனால் இதை வீட்டிலேயே வைத்து நிறுத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். தினமும் குடித்துக் காலையில் கை நடுங்குகிறவர்களும் அப்படித்தான். திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். உங்கள் தம்பியிடம் இந்த அறிகுறிகள் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. இருந்தாலும் ஒருமுறை அவன் கையைக் கவனியுங்கள்.

இனி போன். எங்களிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பேச்சுக்கு நடுவே அரை நிமிடத்துக்கு ஒருமுறை போனைத் திருப்பிப் பார்ப்பான். திட்டாமல், 'எந்த நேரத்துக்கு எவ்வளவு பார்த்தேன்னு உன் போனே கணக்கு வச்சிருக்கும்ப்பா, எடு, ரெண்டு பேரும் பாப்போம்' என்றேன். பகலில் ஓரளவுதான். இரவு ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை ஒரே கோடாக ரீல்ஸ். அப்படி என்ன பார்ப்பாய் என்று கேட்டேன். 'ஒண்ணும் ஞாபகம் இல்ல சார்' என்றான். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு அவனே சொன்னான்: 'தூங்கிட்டா விடிஞ்சிரும் சார். விடிஞ்சா காலேஜ் போவணும்.'

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். கல்லூரியில் பாடம் ஆங்கிலத்தில் ஓடியது. முதல் செமஸ்டரில் மூன்று பேப்பர் போனது. வீட்டில் முதல் பட்டதாரி அவன்தான் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்ததால் யாரிடமும் வாய் திறக்க முடியவில்லை. விடிவதைத் தள்ளிப் போட ராத்திரி போன். தூக்கம் கெட்டதால் காலை வகுப்பு போனது. வகுப்பு போனதால் அட்டெண்டன்ஸ் பயம். அந்தப் பயத்தில் நெஞ்சு படபடக்கும்போது, 'இத அடி மச்சி, நல்லா தூக்கம் வரும்' என்று கூட இருந்தவன் பொட்டலத்தை நீட்டினான். கஞ்சா, போன், மன அழுத்தம் மூன்றும் அவனுக்குத் தனித்தனி நோயாக இல்லை. ஒன்றின் வாலை மற்றொன்று பிடித்துக்கொண்டு சுற்றின. அரியர் பயத்தில்தான் அது தொடங்கியது.

உங்கள் தம்பிக்கும் இதேதான் என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஐந்து அரியர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முடிச்சு அங்கே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதனால்தான் போனைப் பிடுங்க வேண்டாம் என்கிறேன். பிடுங்கினால் விடியும் பயம் அப்படியே இருக்கும், அதை மறைக்கிற போர்வை மட்டும் போய்விடும். அந்த இடத்தில் பொட்டலம் ஒன்றிலிருந்து மூன்றாகும். கோபத்தில் கை ஓங்குவதும் இப்படித்தான் நடக்கிறது.

அதற்குப் பதில் எழுகிற நேரத்தைப் பிடியுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஏழு மணிக்கு எழுந்து வெளி வெளிச்சத்துக்கு வரட்டும். பால் வாங்கப் போகட்டும், தண்ணீர் பிடிக்கட்டும், மைதானத்தில் பந்து ஆடட்டும். பகலில் படுக்கக் கூடாது. நாலைந்து நாளில் இரவுத் தூக்கம் தானாக முன்னால் நகர ஆரம்பிக்கும். நாலு பேர் ஒரே அறையில் படுக்கிற வீட்டில் 'போனை வேறு அறையில் வை' என்கிற அறிவுரை எதற்கும் உதவாது. ஒரே சார்ஜர், அது பன்னிரண்டு மணிக்கு மேல் உங்கள் தலையணைப் பக்கம், உங்கள் போனும் அவன் போனும் சேர்ந்தே அங்கே இருக்கும் என்று பேசி முடிவு செய்யுங்கள். தனக்கு மட்டும் விதி என்றால் அவன் மீறத்தான் பார்ப்பான்.

ஒன்றை மட்டும் கேட்டுவிடுங்கள்: போனில் பணம் வைத்து ஆடுகிறானா? 2025-ல் மத்திய அரசின் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டது. அப்படியும் கள்ளத்தனமாக நடப்பவை உண்டு. கடன் ஆப்பில் வாங்கிவிட்டு, போட்டோவை மாற்றி எல்லோருக்கும் அனுப்புவேன் என்ற மிரட்டலுக்குப் பயந்து ஒடுங்கிக் கிடக்கிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யுங்கள்.

போலீஸ் கேஸ் பற்றி. சிகிச்சைக்குப் போனதற்காக வழக்கு வராது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ சிகிச்சை பெற்றால், பயன்படுத்தியதற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும், பாதியில் விட்டால் அந்த விலக்கைத் திரும்பப் பெறலாம். நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். ஆனால் 'ஃபிரெண்டுக்குத்தானே வாங்கிக் கொடுத்தேன்' என்பதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கைமாற்றி விடுவது சட்டத்தின் கண்ணில் வேறு குற்றம். இதைத் தம்பியிடம் தெளிவாகச் சொல்லுங்கள். பொட்டலத்தைச் சுமக்கக் கல்லூரிப் பையன்களைத்தான் தேடுகிறார்கள்.

ராத்திரி வேனில் ஆள் அனுப்பித் தூக்கிக்கொண்டு போகிற தனியார் மையங்களைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்ற இடமா என்று கேளுங்கள். சங்கிலியில் கட்டுவது அதே 2017 சட்டப்படி குற்றம். அடி வாங்கிவிட்டுத் திரும்பி வருகிற பையன் அடுத்த முறை உங்களிடம் உண்மை சொல்ல மாட்டான், எனக்கு அதுதான் பெரிய பயம்.

உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. மனநலப் பிரிவில் இதைப் பார்ப்பார்கள், பணம் கட்ட வேண்டியதில்லை. தங்கிச் சிகிச்சை தேவைப்பட்டால் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. 1794-ல் தொடங்கிய மருத்துவமனை அது. ஊரில் அந்தப் பெயரைச் சொன்னாலே சிரிப்பார்கள், அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 'செத்துப் போயிடலாம்னு இருக்கு' என்று அவன் ஒரு தடவை சொன்னாலும் விளையாட்டாக எடுக்காதீர்கள். தனியாக விடாமல் பக்கத்தில் இருந்துகொண்டு அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

அப்பாவிடம் இப்போதைக்குக் கஞ்சா என்ற சொல் வேண்டாம். 'தம்பிக்கு ராத்திரி தூக்கமே இல்ல, படிப்பு ஏறல, ஆஸ்பத்திரியில காட்டணும்' என்று சொல்லுங்கள், அதில் பொய் எதுவும் இல்லை. முழு விஷயத்தை எப்போது, எப்படிச் சொல்வது என்பதை மருத்துவர் அறையில் முடிவு செய்துகொள்ளலாம்.

அரியருக்கு ஒரு வழி. ஐந்தையும் ஒரே மூச்சில் முடிக்கச் சொல்லாதீர்கள். பாஸாக வாய்ப்புள்ள இரண்டை அவனே எடுக்கட்டும். துறைத் தலைவரை நேரில் பார்க்கட்டும், கூச்சப்பட்டால் நீங்களும் கூடப் போங்கள். பழைய கேள்வித்தாள்களைச் சீனியர்களிடம் வாங்கலாம்.

இவ்வளவையும் எப்போது பேசுவது? எழுப்புகிற நேரத்தில் நிச்சயமாக வேண்டாம், போதையில் இருக்கும்போதும் வேண்டாம். மாலையில் டீ குடிக்கிற நேரம் சரி. 'பாக்கெட்ல இருந்தத பாத்தேன்டா. அப்பாகிட்ட சொல்லல. காலேஜ்ல என்ன நடக்குது, சொல்லு' என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். முதலில் 'ஒண்ணும் இல்லக்கா' என்பான், எழுந்தும் போவான். இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள்.

மருத்துவமனைக்கு வர மாட்டேன் என்றால் முதல் தடவை நீங்கள் மட்டும் போங்கள். காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள். அவன் தூங்கும், எழும் நேரத்தை ஒரு வாரத்துக்குத் தாளில் குறித்து எடுத்துப் போங்கள். பாக்கெட்டில் இனி ஏதாவது மாத்திரை அட்டை கிடைத்தால் அதையும் தூக்கிப் போடாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள்.