பிரளயமும் சிப்பிகளும் – கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமம் சொல்லும், நோவா பேழையில் தப்பிய பிரளயத்தை நடந்த வரலாறாகக் கொள்ள முடியாது என்று எழுதியிருந்தீர்கள். தொடர்பே இல்லாத பல இனத்தார் அதே கதையைச் சொல்கிறார்கள். இமயத்தின் உச்சியிலும் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. இவை சான்றுகள் ஆகாவா? வேதத்தின் ஒரு பகுதியைக் கதை என்று ஒப்புக்கொண்டால் மீதியை எதைக்கொண்டு நம்புவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் சிப்பிகள். சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்பே லியனார்டோ டா வின்சி இந்த வாதத்தை எடுத்துக்கொண்டு, ஒரு நாளைக்குச் சில முழமே நகரும் சிப்பி, ஏட்ரியாட்டிக் கடலிலிருந்து வட இத்தாலிய மலைகள் வரை, பிரளய மழை பெய்த 40 நாளில் எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்டார். வெள்ளம் அடித்து வந்திருந்தால் எல்லாம் கலந்து சிதறிக் கிடக்க வேண்டும். அவையோ வாழ்ந்த நிலையிலேயே கூட்டங்கூட்டமாக, அடுக்கடுக்கான படுகைகளில் இருந்தன. நீர் மலைமேல் ஏறவில்லை, கடலடிதான் மலையாக உயர்ந்தது. இமயத்திலும் நிகழ்ந்தது அதுவே.

பல இனத்தார் சொல்வது ஒரே கதை அல்ல. வடமொழி வேத நூலான சதபத பிராமணத்தில் மனு தன் கப்பலை மீனின் கொம்பில் கட்டித் தனியாகத் தப்புகிறான். அங்கே பேழை நிறைய விலங்குகளும் இல்லை, பறவைகளும் இல்லை. ஆற்றங்கரையில் வாழ்ந்த மக்கள் வெள்ளத்தைப் பற்றிக் கதை சொல்வதற்கு உலகம் முழுவதும் மூழ்கியிருக்க வேண்டியதில்லை. மாறாக, 1872இல் ஜார்ஜ் ஸ்மித் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் களிமண் பலகைகளில் வாசித்த பாபிலோனியக் காவியமான கில்காமெஷில், மலைமேல் தங்கிய கப்பலிலிருந்து புறாவும் தகைவிலானும் காகமும் வரிசையாக அனுப்பப்படுகின்றன. முதலிரண்டும் தங்க இடமின்றித் திரும்புகின்றன, காகம் திரும்பவில்லை. நோவா காகத்தையும் புறாவையும் அனுப்புகிறார். இவ்வளவு நுணுக்கமான ஒப்புமைக்கு ஒரே வெள்ளத்தை இருவர் கண்டது காரணமாக இருக்க முடியாது. ஒரு கதை கைமாறி வந்திருக்கிறது.

கைமாறும்போது என்ன ஆயிற்று என்பதே என்னை ஈர்ப்பது. பாபிலோனியக் கதையில் வெள்ளம் வடிந்ததும் தேவர்கள், படையலின் மணம் பிடித்து ஈக்களைப் போல மொய்க்கிறார்கள். ஆதியாகமத்திலும் கர்த்தர் பலியின் சுகந்த வாசனையை முகர்கிறார், ஆனால் பசி மறைந்துவிட்டது. அத்ரஹாசிஸ் என்னும், பாபிலோனியரின் அக்காதிய மொழியில் அமைந்த பழைய பாடலில் மனிதர்களின் இரைச்சலால் உறக்கம் கெட்டு எரிச்சலடைந்த தேவன் வெள்ளத்தை ஏவுகிறான். எபிரேயரோ பூமியில் நிறைந்த கொடுமையைக் காரணமாக்கினார்கள். கிடைத்த கதையை அறத்தின் கேள்வியாக மாற்றிய இந்தத் துணிச்சலை, மழையின் அளவையும் பேழையின் முழக்கணக்கையும் நிரூபிக்கப் புறப்பட்டவர் காணவே போவதில்லை. விலங்குகளின் கணக்கும் ஆதியாகமத்திலேயே ஒன்றுபோல இல்லை: ஆறாம் அதிகாரத்தில் எல்லா விலங்குகளிலும் ஒவ்வொரு ஜோடி, ஏழாம் அதிகாரத்தில் சுத்தமான விலங்குகளில் மட்டும் ஏழேழு. இரண்டையும் அருகருகே விட்டுவைத்த தொகுப்பாளர்களுக்கு, இன்றைய சொல்லுக்குச் சொல் வாதிகளுக்கு இருக்கும் பதற்றம் இருந்ததாகத் தெரியவில்லை.

உங்கள் கடைசிக் கேள்வி முக்கியமானது. பிரளயத்தை உண்மையென்றே நம்பிய கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டின், ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே கேள்வியை மறுபக்கமிருந்து பார்த்தார். வானத்தையும் பூமியையும் பற்றித் தாங்களே நன்கறிந்த செய்திகளில் ஒரு கிறிஸ்தவர் வேதத்தைக் காட்டிப் பிழையாகப் பேசுவதைக் கேட்கும் பிற சமயத்தார், உயிர்த்தெழுதலைப் பற்றி அதே வேதம் சொல்வதை எப்படி நம்புவார்கள் என்பது அவருடைய கவலை.