எலி ஆராய்ச்சி இருக்கட்டும், நீல இன்ஹேலர் ஏன் மாதம் ஒன்று தீர்கிறது?

முதலில் காடோலினியத்தை மறந்துவிடுங்கள். உங்கள் ஆஸ்துமாவுக்கு அது எங்கே கிடைக்கும், எவ்வளவு எடுக்கலாம் என்று கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஆய்வகத்தில் எலிக்குக் கொடுத்துப் பார்த்த ரசாயனம் அது. மனிதர்களுக்கான ஆஸ்துமா மருந்தே அல்ல.

நீங்கள் இணையத்தில் படித்த செய்தி பொய்யில்லை. 2024-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரிக் குழுவினர் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு. இளைப்பு வரும்போது மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. அந்த இறுக்கத்தில் உட்சுவர் செல்கள் நெரிசலில் சிக்கியவர்களைப் போலப் பிதுங்கி வெளியே விழுகின்றன. சுவர் பழுதாகிறது, அழற்சி கூடுகிறது, சளி கட்டுகிறது. எலிகளிலும் மனித நுரையீரல் திசுவிலும் இதைப் பார்த்தார்கள். நீல இன்ஹேலரில் இருக்கும் சால்பியூட்டமால் தசையைத் தளர்த்தியதே தவிர, செல்கள் உதிர்வதைத் தடுக்கவில்லை.

இதிலிருந்து "என் நுரையீரல் ஒவ்வொரு முறையும் அழிகிறது, இன்ஹேலரால் பயனில்லை" என்ற முடிவுக்கு நீங்கள் எப்படி வந்தீர்களோ! உட்சுவர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். ஓயாமல் இளைப்பு வந்துகொண்டே இருந்தால்தான் அதற்கு நேரம் கிடைக்காது. வந்தபின் அடக்குவதைவிட வராமல் தடுப்பதே மேல் என்பதற்கு அந்த ஆய்வு இன்னொரு காரணம் தருகிறது, அவ்வளவுதான். வராமல் தடுப்பது எது? பயந்துபோய் நீங்கள் மூன்று மாதமாக நிறுத்தி வைத்திருக்கிறீர்களே, அந்த ஸ்டீராய்டு இன்ஹேலர்.

எலியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எலிக்கு இயல்பாக ஆஸ்துமா வருவதில்லை. முட்டை வெள்ளைப் புரதம் போன்ற ஒன்றைக் கொடுத்து நாம்தான் வரவழைக்கிறோம். அதனால் ஆய்வகத்தில் ஜெயித்த மருந்து மனிதரிடம் வரும்போது தடுமாறுவது சகஜம். மெபோலிசுமாப் ஊசியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈசினோஃபில் என்ற ஒருவகை வெள்ளை அணுக்களை வளர்க்கும் ஐஎல்-5 என்ற புரதத்தை அது தடுக்கிறது. எல்லா ஆஸ்துமாக்காரர்களுக்கும் பொதுவாகக் கொடுத்துப் பார்த்தபோது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஈசினோஃபில் மிகுந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுத்த 2009 ஆய்வுகளில்தான் பலன் தெரிந்தது. அமெரிக்காவில் ஒப்புதல் கிடைக்க 2015 ஆனது. ஆராய்ச்சி ஒரு பக்கம் நடக்கட்டும். புது மருந்து வரும் என்று இருக்கிற மருந்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்க முடியாது.

உங்கள் ரத்த அறிக்கையில் ஈசினோஃபில் 6 சதவீதம் இருப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆஸ்துமாவில் அது வழக்கம். இந்த வகை ஆஸ்துமா ஸ்டீராய்டு இன்ஹேலருக்கு நன்றாகவே கட்டுப்படும். ஸ்டீராய்டு இன்ஹேலரால் குரல் கம்முவதற்கு, ஸ்பேசர் என்ற குழலை இன்ஹேலரோடு பொருத்தி இழுத்து, பிறகு வாய் கொப்பளித்துத் துப்பினால் போதும். கை நடுக்கம் சால்பியூட்டமாலால் வருவது.

சரி, கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். "நீல இன்ஹேலர் மாதம் ஒன்று தீர்ந்துவிடுகிறது" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கவலைப்பட வைத்தது அந்த ஒரு வரிதான். ஒரு டப்பாவில் 200 பஃப். மாதம் ஒன்று என்றால் நாளுக்கு ஆறேழு முறை அழுத்துகிறீர்கள். வருடத்துக்கு மூன்று டப்பா தாண்டினாலே கடும் இளைப்பு வரும் ஆபத்து கூடுகிறது. பன்னிரண்டைத் தொட்டால் ஆஸ்துமாவால் உயிர் போகும் ஆபத்தும் கூடுகிறது. உள்ளே அழற்சி எரிந்துகொண்டிருக்க, மேலே தசையை மட்டும் தளர்த்திக்கொண்டிருக்கிறீர்கள். நீலத்தை மட்டுமே நம்பி ஆஸ்துமாவைச் சமாளிக்கக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019-இலேயே சொல்லிவிட்டது.

அதற்காக நீலத்தைத் தூக்கி எறியாதீர்கள், அவசரத்துக்கு அது வேண்டும். ஸ்டீராய்டு இன்ஹேலரை இன்றே மறுபடி தொடங்குங்கள். இந்த வாரத்துக்குள் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டும், மூச்சுக்குழாயைத் தளர்த்தும் ஃபார்மோடெரால் மருந்தும் சேர்ந்த ஒரே இன்ஹேலருக்கு மாறலாமா என்று கேளுங்கள். போகும்போது இன்ஹேலரைக் கையோடு கொண்டுபோய், அவர் எதிரிலேயே இழுத்துக் காட்டுங்கள். பலர் மருந்தைத் தொண்டையோடு நிறுத்திவிடுகிறார்கள்.

அதற்குள் ஒருநாள் நீல மருந்தின் பலன் நான்கு மணி நேரம்கூடத் தாங்கவில்லை, ஒரே மூச்சில் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க முடியவில்லை, அல்லது மூச்சு வாங்கிக்கொண்டே இருக்க வீசிங் சத்தம் மட்டும் அடங்கிவிட்டது என்றால், சந்திப்பு நேரம் எல்லாம் பார்க்க வேண்டாம். நீல மருந்தை இழுத்துக்கொண்டே நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.