1950களில் சிங்கப்பூர் சைனாடவுன் வீடுகளில் கழிவை எப்படி அகற்றினார்கள்?
பல கடைவீடுகளில் வாளிக் கழிப்பறைதான். உயர்த்திக் கட்டிய மேடையில் ஒரு துளை, அதற்குக் கீழே வாளி. பின்சந்துப் பக்கச் சுவரில் சின்னக் கதவு இருக்கும். தொழிலாளி அதைத் திறந்து, நிறைந்த வாளியை இழுத்தெடுத்து, காலி வாளியை உள்ளே தள்ளுவார். வாளிகளை ஏற்ற 36 கதவு வைத்த லாரிகளே இருந்தன. எவ்வளவு கொடுமையான வேலை அது!

ஒரே வீட்டைப் பலகையால் தடுத்துப் பல குடும்பங்கள் குடியிருந்தன. அத்தனை பேருக்கும் ஒரே கழிப்பறை என்றால் டைஃபாய்டு பரவ வேறென்ன வேண்டும்? காற்றே வராத அறைகளில் காசநோயும் சுலபமாகத் தொற்றியது. அங்கே வாழ்ந்தவர்களைக் குறை சொல்வது அநியாயம்.

1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியபின், மக்கள் அடுக்குமாடிகளுக்கு மாற மாற நிலைமை சீரானது. ஆனாலும் சிங்கப்பூரின் லோரோங் ஹாலுஸ் பகுதியில், வாளிக் கழிவைக் கொண்டுபோய்ச் சேர்த்த கடைசி நிலையத்தை மூடியது 1987இல்தான்.