கூட்டத்தில் எனக்கொரு நாற்காலி

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கடவுள் நம்பிக்கை எனக்குப் பெரிதாகக் கிடையாது. விடுதிக்கு வந்த புதிதில் யாரோடும் ஒட்டாமல் இருந்தபோது ஒரு சீனியர் தானாக வந்து பேசினார், பாடம் சொல்லிக்கொடுத்தார். இப்போது வாராவாரம் ஜெபக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார். போகப் பிடிக்கவில்லை. மறுத்தால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேனோ? அவர் பழகியதே இதற்காகத்தானா?

– ஒரு மாணவன்

அன்புள்ள தம்பிக்கு,

இதற்காகத்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இதற்காகவும் இருக்கலாம். நம்புகிறவருக்கு உதவுவதும் அழைப்பதும் வேறுவேறாகத் தெரிவதில்லை.

மாணவர்களிடையே இது பழைய கதை. 1806இல் அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் இடிமழைக்கு வைக்கோற்போரடியில் ஒதுங்கி ஜெபித்தார்கள். அந்த வேகத்தில் 1810இல் வெளிநாடுகளுக்கு மிஷனரிகளை அனுப்பும் சங்கமே உருவாகிவிட்டது. 1951இல் பில் பிரைட் என்ற அமெரிக்க மதப் பிரசாரகர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் ஆரம்பித்த மாணவர் இயக்கம், இப்படி அழைப்பதை ஒரு செய்முறையாகவே ஆக்கியது. நான்கு விதிகள் கொண்ட சின்னப் புத்தகம். அதில் வாழ்க்கைக்கு ஒரு வட்டம் போட்டு, நடுவே அதை ஆளுகிறவருக்கு ஒரு நாற்காலி. ஒரு வட்டத்தில் நாற்காலியில் ‘நான்’, இன்னொன்றில் கிறிஸ்து. உங்கள் வாழ்க்கை எந்த வட்டம் என்று கேட்பார்கள்.

என்னிடமும் கேட்டான், வகுப்புத் தோழன் ஒருவன். நான் காய்ச்சலில் கிடந்தபோது என் ரெக்கார்டு நோட்டை உட்கார்ந்து எழுதித் தந்தவன். பென்சில் முனையால் வட்டங்களைத் தொட்டுக் காட்டினான். ‘பார்க்கலாம்’ என்றேன். ஆறு மாதம் அந்த ஒரு வார்த்தையிலேயே ஓட்டினேன். அவனோ ஒவ்வொரு கூட்டத்திலும் எனக்கு ஒரு நாற்காலி பிடித்து, மேலே பையை வைத்துக் காத்திருந்தான். கடைசியில் வேண்டாம் என்று சொன்னபோது, “முதல்லயே சொல்லியிருக்கலாமேடா” என்றான். அவன் கேட்டது நியாயம். என் மரியாதைதான் அவனை ஏமாற்றியது.

அதனால் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். கடவுள் உண்டா இல்லையா என்ற வாதத்துக்குள் போகாதீர்கள், அது விடிய விடிய ஓடும். ‘உங்கள் உதவியை மறக்க மாட்டேன், கூட்டம் எனக்கு வேண்டாம்’ போதும். (மதிப்பெண் போடுகிறவர் கூப்பிட்டாலோ, வீட்டில் சொல்லாதே என்றாலோ விஷயம் வேறு. அங்கே விளக்கமே வேண்டாம், விலகிவிடுங்கள்.)

அவர் கொஞ்ச நாள் முகம் கொடுக்காமல் போகலாம். என் நண்பன் இரண்டு வாரம் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் அறைக்கு வந்தான், என் ரெக்கார்டு நோட்டைக் கேட்டு.