மணக்கும் எண்ணெய், அரிக்கும் தோல்

கேள்வி: லெமன்கிராஸ் எண்ணெய் சேர்த்து உடலுக்குத் தேய்க்கும் எண்ணெய் தயாரிக்கிறேன். மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துப் பத்து நிமிடம் பார்த்தேன், எரிச்சல் இல்லை. இது போதுமா? (வாசகி, ஈரோடு)

பதில்: போதாது. பத்து நிமிடத்தில் தெரிவது எரிச்சல் மட்டுமே. ஒவ்வாமை வேறு, ஏற்கெனவே அது உள்ளவருக்கும் அரிப்பும் தடிப்பும் வர ஒன்றிரண்டு நாள் ஆகும். புதிதாக உருவாகவோ பத்து நாளுக்கு மேலும் ஆகலாம். நறுமண எண்ணெயை நீர்க்காமல் தோலில் வைக்கவே வேண்டாம். அதுவே ஒவ்வாமையைத் தொடங்கிவைக்கலாம். லெமன்கிராஸில் பெரும்பங்கு சிட்ரால்தான், தோலைச் சீண்டுவதில் பெயர்போன பொருள்.

10 மி.லி. தேங்காய் எண்ணெயில் ஒரு சொட்டு கலந்தால் ஏறக்குறைய அரை சதவீதம். அதை முழங்கை மடிப்பில், ஐந்து ரூபாய் நாணய அளவு இடத்தில், காலையும் மாலையும் ஏழு நாள் தடவுங்கள். மறு கையில் வெறும் தேங்காய் எண்ணெய்; இதைச் செய்யாவிட்டால் குற்றவாளி எதுவென்று தெரியாது. சிவந்தாலோ அரித்தாலோ உடனே நிறுத்திக் கழுவுங்கள். கொப்புளம் வந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள்.

பலர் தவறுவது பாட்டிலில். காற்றுப் பட்டுப் பழசான எலுமிச்சை, லாவெண்டர் எண்ணெய்களில் உள்ள லிமோனின், லினலூல் என்ற மணப்பொருள்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து, புதிய எண்ணெயைவிட அதிகமாக ஒவ்வாமை தூண்டும். திறந்த தேதியை எழுதி, இருண்ட பாட்டிலில் குளிர்ச்சியாக வையுங்கள்.

உங்கள் கை தாங்கியதால் வாங்குபவர் தோலும் தாங்கும் என்றில்லை. விற்பதானால் லேபிளில் லெமன்கிராஸ், சிட்ரால் இரண்டையும் கட்டாயம் எழுதுங்கள்.